சிகாமணி செய்த நிலக்கரி

"நான் செஞ்சது பாவமா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க அக்கா," என்றார் சிகாமணி.

அக்கா சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது?"

"முப்பத்தஞ்சு வருஷம் நிலக்கரி எரிச்சது."

குமிழி வந்தது. அக்கா அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க அண்ணாச்சி," என்றார்.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று, சிகாமணிக்கு அறுபத்திரண்டு. இருந்தாலும் அங்கே வருகிற எல்லோருக்கும் அவர் அக்காதான், எண்பது வயதுக்காரர்களுக்கும் சேர்த்து. பெயர் மரகதம். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒருநாள் தோள்பையைக் கழற்றி டெப்போவில் கொடுத்துவிட்டு, பொரிமலை அடிவாரத்தில் ஒரு கிணறும் இரண்டு கொட்டகையும் தளம் போட்ட ஓர் அடுக்களையுமாக உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இறங்குற இடம் வந்துட்டு," என்றாராம்.

கேள்வியோடு வருகிறவர்களுக்கு அவர் பதில் சொல்வது அபூர்வம். வேலை சொல்லுவார். பிடிக்காதவர்கள் அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்கள். யாரையும் அவர் தடுத்ததில்லை.

சிகாமணி பிடிவாதக்காரர். கடலோரத்து அனல் மின்நிலையம் ஒன்றில் கொதிகலன் பார்த்தவர். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே உள்ளே எத்தனை டிகிரி என்று சொல்லுவார், மீட்டர் அப்புறம் வந்து ஆமாம் போடும். அப்படிப்பட்ட மனிதர் பதில் வாங்காமல் எழுந்திருக்கிறதாக இல்லை.

"யாரு பாவம்னு சொன்னா?" என்று அக்கா கேட்டார்.

"என் மக."

"என்ன செய்யுதா?"

"பள்ளிக்கூடக் கூரை மேலெல்லாம் சூரியத் தகடு மாட்டிக்கிட்டுத் திரியுதா. பேரு அல்லி. ஒரே பிள்ள."

"ம்."

"இந்தப் பொங்கலுக்கு மழை பெஞ்சுதுல்லா. வாசல்ல அடுப்பு அணைஞ்சு போச்சு. பானை பொங்கல. தை மாசத்துல என்ன மழைன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். உங்க புகைபோக்கிக்கிட்டக் கேளுங்கன்னுட்டா."

"நீங்க?"

"ராத்திரி உன் சூரியன் எங்க போவும்னு கேட்டேன். பேட்டரிங்கா. பேட்டரி எத்தன நாளு? சரி, காத்தாடிங்கா. காத்தாடி ஆடி மாசம் சுத்தும், தை மாசம் தூங்கும். அணை கட்டுனா தண்ணி இல்ல. அணு உலைன்னா நீயே கொடி பிடிச்சுக்கிட்டு முன்னால நிப்ப. அப்புறம் எதுல வெளக்கெரியும், நீ படிச்ச வெளக்கு எதுல எரிஞ்சிதுன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

சிகாமணி டியூப் கிடந்த தண்ணீரைப் பார்த்தார்.

"அத நெனச்சாத்தான்பா தூக்கம் வரலன்னா."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. போன் மணி அடித்தால் அது அல்லியாக இருக்காதா என்று எடுப்பார். அல்லி இல்லை. தானாகக் கூப்பிடலாம் என்றால், என்ன சொல்லிக் கூப்பிடுவது? தப்பு என்றால் முப்பத்தைந்து வருஷமும் தண்டம். தப்பில்லை என்றால் மகள் தண்டம். இரண்டில் ஒன்றைத்தான் அக்கா சொல்ல வேண்டும் என்று வந்திருந்தார்.

"நான் நிலக்கரியப் பாத்ததே இல்ல," என்றார் அக்கா. "ஒண்ணு கொண்டாங்க."

சிகாமணி பஸ் ஏறி வீட்டுக்குப் போய், மறுநாள் கொண்டுவந்தார். ஓய்வு பெற்றபோது கொடுத்தது. ஒரு கைப்பிடி அளவு, இரண்டு அங்குல உயரம். கீழே மரத்தட்டு, அதில் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு.

அக்கா தட்டைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு, கரியை மட்டும் கையில் வைத்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"இத யாரு செஞ்சா?"

"செய்யுறது இல்ல அக்கா. சுரங்கத்துலேர்ந்து எடுக்கது."

"எடுக்க இடம் அது. செஞ்சது யாரு?"

சிகாமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. தெரிந்த பாடம் அல்லவா. ஆதியில் சதுப்புக் காடு இருந்ததையும், இலை உதிர்ந்து தண்ணீரில் மூழ்கியதையும், மேலே மண் விழுந்து அழுத்தியதையும், அழுத்தத்தில் கெட்டியாகிக் கெட்டியாகிக் கரியானதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. அப்ப நீங்களே ஒண்ணு செய்யலாமே."

"என்னது?"

"இதே அளவு போதும். செஞ்சு கொண்டாங்க. கேட்டதுக்கு அன்னைக்குச் சொல்லுதேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று சிகாமணி முகத்தைப் பார்த்தார். டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறை அப்புறம் என்கிற முகம்தான் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். சிகாமணி இன்ஜினியர். குழி வெட்டினார்.

அவர் தங்கிக்கொண்ட இரண்டாவது கொட்டகைக்குப் பின்னால் நாலடி ஆழம், நாலடி அகலம். அடியில் களிமண் பூசினார். புங்கை இலை, வேப்பிலை, ஆற்றோரத்து நாணல் என்று அகப்பட்டதையெல்லாம் வாரிப் போட்டார். தண்ணீர் விட்டார். மேலே மண்ணைத் தள்ளிப் பாறாங்கல்லைத் தூக்கி வைத்தார். நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, தேதி போட்டு, ஆழம், சூடு, நாற்றம் எல்லாம் எழுதினார்.

நாற்றத்தைப் பற்றி எழுதவே தேவையில்லை. அக்காவைப் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சார் ஊறுகா போட்டிருக்காரு," என்றார்கள்.

அழுத்தம் போதவில்லை என்று தோன்றியது. லாரி ஜாக்கி ஒன்றை இரவல் வாங்கிவந்து, இரண்டு தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவில் கொடுத்து நெருக்கினார். குழி பொருமிக்கொண்டு, முழங்கால் வரை அவர்மேல் கறுப்புத் தண்ணீரைத் துப்பியது.

இரண்டு மாதம் கழித்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய பீப்பாயில் விறகை அடைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, கீழே தீ மூட்டினார். சாயங்காலம் திறந்தபோது உள்ளே கன்னங்கரேலென்று கரி இருந்தது. நல்லதாக ஒரு துண்டைப் பொறுக்கிக் கழுவித் துடைத்து அக்காவிடம் நீட்டினார்.

அக்கா அதைத் தரையில் கோடு போட்டுப் பார்த்தார்.

"இது தேய்ப்புக்கடையில போடுற அடுப்புக்கரில்லா."

"கரிதான் அக்கா. வேகமா ஆனது."

"நெருப்பு வைக்காம உங்களுக்கு ஒண்ணுமே செய்ய வராதோ அண்ணாச்சி?"

சிகாமணிக்குக் காது சுட்டது. துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று நோட்டில் எதுவும் எழுதவில்லை.

ஆடி மாதம் குழி நன்றாக இறங்கிவிட்டது. நாலடிக்குப் போட்ட இலை அரையடியாகி, பிறகு ஒரு சாணாகி, இரண்டு விரல்கடையில் வந்து நின்றது. கறுத்த சேறு. இன்னும் இலை வேண்டும் என்று கூடையை எடுத்துக்கொண்டு புங்கை மரத்தடிக்குப் போனார்.

உச்சி வெயில். தரையில் இலை அதிகம் இல்லை. நேற்றுத்தான் வாரியிருந்தார். ஒவ்வொன்றாக விழட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்தார்.

ஓர் இலை விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

இந்தக் கூடை நிறைய எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். கை சும்மா இருந்தால் கணக்குப் போடுவது அவர் சுபாவம். கூடை நிறைய மூன்று நாள் ஆகும். குழி நிறைய இருநூறு கூடை. அது இறங்கி இரண்டு விரல்கடை சேறு.

புத்தகத்தில் படித்த கணக்கு ஞாபகம் வந்தது. சதுப்பில் ஓர் அங்குலம் மக்கிய இலை சேர ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம். அப்படிப் பத்து அங்குலம் நசுங்கி ஓர் அங்குலம் நிலக்கரி. அவர் அக்காவிடம் கொடுத்தது இரண்டு அங்குலம்.

நோட்டில் பெருக்கினார். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் பெருக்கினார்.

ஐநூறு வருஷம்.

ஒரு கைப்பிடிக்கு ஐநூறு வருஷத்து இலை. ஐநூறு வருஷமும் காலையில் வெயில் வந்து, இலை அதைக் குடித்து, உதிர்ந்து, அதன்மேல் அடுத்த இலை உதிர்ந்து. அதெல்லாம் உதிர்ந்து முடிந்த பிறகு முப்பது கோடி வருஷம் சும்மா கிடந்திருக்கிறது. அந்த வெயில் அடித்தபோது உலகத்தில் ஒரு பூ கிடையாது, ஒரு பறவை கிடையாது. பார்க்க ஓர் ஆள் கிடையாது. ஒருவரும் பார்க்காத வெயில் அது.

அதைத்தான் அவர் ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் டன் போட்டார். பெல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். டீ குடித்துக்கொண்டு பார்ப்பார். ஈரக்கரி வந்துவிட்டால் திட்டுவார்.

சிகாமணிக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. அண்ணாந்து பார்த்தார். புங்கை இலைகள் ஒரு சத்தமும் இல்லாமல் வெயிலில் நின்று வேலை செய்துகொண்டிருந்தன. அவர் சட்டை மேலேயும் வெயில் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து நிற்கப் பயமாக இருந்தது. கோயிலுக்குள் தெரியாமல் செருப்போடு வந்துவிட்டவனின் பயம்.

கூடையை அங்கேயே விட்டுவிட்டு அக்காவிடம் போனார்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சிகாமணி எல்லாவற்றையும் சொன்னார். 

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். மாடத்திலிருந்த நிலக்கரியை இரண்டு கையாலும் எடுத்து, கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு அவரிடம் நீட்டினார். சிகாமணியும் ஒற்றிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அதை அப்படித் தொட்டதில்லை.

"இப்பவாவது சொல்லுங்க அக்கா. நான் செஞ்சது பாவமா?"

"கரி ஆயிட்டா?"

"எங்க அக்கா ஆச்சு. சேறாக் கெடக்கு. இன்னும் முப்பது கோடி வருஷம் ஆவும்."

"ஆவட்டும். அவசரமில்ல," என்று அக்கா முறத்தை எடுத்துக்கொண்டார்.

ஆவணி பிறந்த அன்று அக்கா கூப்பிட்டுச் சொன்னார்: "நாளைக்கு அடுக்களை மாடியில சூரியத் தகடு மாட்ட வாராங்க அண்ணாச்சி. கிணத்து மோட்டாருக்கு. கரண்டு என்னைக்கு வருது, என்னைக்குப் போவுதுன்னே தெரியல."

சிகாமணி தலையாட்டினார்.

மறுநாள் காலையில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் ஏணி இறங்கியது, அடுத்துத் தகடுகள், அடுத்து இரண்டு பையன்கள். கடைசியாக, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அல்லி இறங்கினாள்.

சிகாமணி கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். அக்கா அங்கேயே வந்தார்.

"நீங்கதான் முதல் நாளே சொன்னீங்க, பள்ளிக்கூடக் கூரையெல்லாம் மாட்டுதான்னு. வேலை தெரிஞ்ச பிள்ளையாத் தெரிஞ்சுது. விசாரிச்சு எழுதிப் போட்டேன்."

"நான் இங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. பிள்ள கேக்கவும் இல்ல."

மத்தியானம் வரை சிகாமணி குழிப் பக்கமே நின்றார். சேற்றைக் கிளறினார், மூடினார், மறுபடியும் கிளறினார். மாடியில் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏழு மாதத்தில் மகளை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் இருந்ததில்லை.

பையன்கள் சாப்பிட இறங்கினார்கள். அல்லி இறங்கவில்லை. அக்கா ஒரு செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து சிகாமணியின் கையில் வைத்தார்.

"பிள்ள மேல காயுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிகாமணி ஏணிக்கு வந்தார். முதல் படியில் ஒரு காலை வைத்தார். அங்கேயே நின்றார். மேலே போய் என்ன சொல்வது? தப்பு என்பதா, தப்பில்லை என்பதா? அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. தண்ணீரைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். காலை எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

ஏறினார்.

அல்லி முட்டி போட்டு உட்கார்ந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கையிலிருந்த ஸ்பானர் நின்றது.

செம்பை நீட்டினார். வாங்கினாள். அண்ணாந்து குடித்தாள். குடித்து முடிக்கும் வரை இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்தது.

"கையெல்லாம் என்னப்பா?" என்றாள்.

கை முழங்கை வரை கறுப்பாக இருந்தது.

"நிலக்கரி செஞ்சேன்."

"நிலக்கரியா? செஞ்சீங்களா?"

"அக்கா செய்யச் சொன்னாங்க. அஞ்சு மாசமாச் செய்யுதேன்."

"ஆச்சா?"

"கொஞ்சம் பாக்கி இருக்கு. முப்பது கோடி வருஷம்."

அல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிகாமணியும் சிரித்தார். சிரிக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு கைப்பிடியில ஐநூறு வருஷ வெயில் இருக்கும்மா," என்றார். "பூ வாரதுக்கு முன்னால அடிச்ச வெயில். அந்த இலையெல்லாம் எத்தனையோ காலமா இழுத்து இழுத்து உள்ள வச்சிருந்த மூச்ச, நாங்க ஒரு ஆயுசுக்குள்ள வெளிய விட்டுட்டோம். மழை தப்பாம என்ன செய்யும். நீ சொன்னது சரிதான். அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனா அது எவ்வளவு பெருசுன்னு தெரியாது. டன்னுன்னுதான் தெரியும்."

அல்லி செம்பை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் அத அழுக்குன்னுதாம்பா நெனச்சிருந்தேன்," என்றாள் மெதுவாக. "வெயிலுன்னு நெனச்சதில்ல."

செம்பைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கண்ணாடி, இந்தச் சட்டம்," என்று அவள் தகட்டைத் தட்டினாள். "இத உருக்குனது நிலக்கரியிலதான். அத நான் மேடையில சொல்லுறதில்ல."

சிகாமணி குனிந்து தகட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அடைமழை நாலு நாள் விடாம மூடிக்கிட்டா?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவரால் முடியாது.

"பேட்டரி ரெண்டு நாள் தாங்கும். மூணாவது நாள் கஷ்டம்."

"அப்ப?"

"தெரியலப்பா. பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"நானும் பாக்கட்டுமா?"

அவள் கடைசிக் கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்து, எங்கே சொருக வேண்டும் என்று விரலால் காட்டினாள். சிகாமணி சொருகினார்.

கீழே கிணற்று மோட்டார் ஒரு தடவை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

சிகாமணி சுற்றிலும் பார்த்தார். முப்பத்தைந்து வருஷமாக நெருப்பைப் பார்க்காமல் அவர் மின்சாரத்தைப் பார்த்ததில்லை. இங்கே நெருப்பு எங்கே என்று கண் தானாகத் தேடியது. அண்ணாந்தார். கண் கூசியது. கையை வைத்து மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.  அல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஏணியின் மேல்படியில் அக்காவின் தலை தெரிந்தது. மோட்டார் ஓடுகிறதே என்று பார்க்க வந்திருக்கிறார் போலிருந்தது.

"ஒரு சந்தேகம் பிள்ள," என்றார் அல்லியிடம். "இப்ப இதுல விழுதுல்லா இந்த வெயில், இது அங்கேர்ந்து எப்பக் கிளம்புனது?"

"எட்டு நிமிஷத்துக்கு முன்னால அக்கா."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம்தான். சிகாமணிக்கும் தெரியும். ஆனால் அவர் மேலே ஏறி வந்து அவ்வளவு நேரம்தான் இருக்கும் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. எட்டு நிமிஷத்துக்கு முன்னால் அவர் ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார், ஏறுவதா திரும்பிப் போய்விடுவதா என்று தெரியாமல்.

அப்போதே இந்த வெயில் கிளம்பிவிட்டிருந்தது.